மறதியில் இளைத்த ஜனாதிபதி

டவுன் பஸ்ஸில் காலியாக இருந்த ஒரே இருக்கையில் தவமணி உட்கார்ந்தபோது, அது காலியாக இல்லை.

"மன்னிக்கவேண்டும் அம்மணி, இவ்விடத்தில் நான் இருக்கிறேன்" என்று அவளுக்கு அடியிலிருந்து ஒரு குரல் வந்தது. அவள் எழுந்து திரும்பிப் பார்த்தாள். முதலில் கிழிந்த ரெக்சின் மட்டும்தான் தெரிந்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தால், ரெக்சினுக்கு முன்னால் சோறு வடித்த கஞ்சியின் ஆவிபோல ஒரு வெள்ளைக்காரர், கறுப்புக் கோட்டும் கழுத்தை இறுக்கிச் சுற்றிய துணியும் மடியில் உயரமான தொப்பியுமாக, யாரையும் தொந்தரவு செய்துவிடக் கூடாதே என்பதுபோல் முழங்கால்களை ஒடுக்கி உட்கார்ந்திருந்தார். கண்டக்டர் அவரைத் தாண்டி இரண்டு தடவை போனான், டிக்கெட் கேட்கவில்லை. தவமணியையும் கேட்கவில்லை, அவளுக்கு அரசாங்கத்தின் இலவசப் பயணம், அவருக்கு மறதியின் இலவசப் பயணம்.

"எந்த ஊருங்க?" என்றாள்.

"அமெரிக்க தேசம். நான் அதன் ஜனாதிபதியாயிருந்தேன்."

"அப்படிங்களா. நானும் பிரசிடெண்டுதான். கூத்தனேரி ஊராட்சிக்கு."

அவர் பாதி எழுந்து தலை வணங்கினார். "அப்படியானால் உம்மையும் ஒருவரும் காண்பதில்லையோ?"

தவமணி கொஞ்சம் யோசித்தாள். "பாக்கறாங்க. உக்காரச் சொல்றதில்ல."

அவர் சொன்னது பொய்யில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், அமெரிக்கா வரிசையாகச் சில ஜனாதிபதிகளைத் தேர்ந்தெடுத்தது, வரிசையாக மறந்தும் போனது; அவர்களிலும் கடைசி மறதி இவர். ஒருவர் பதவி இறங்கியதற்கும் அடுத்தவர் ஏறியதற்கும் நடுவே வரலாற்றாசிரியர்கள் ஒரு காற்புள்ளியை வைத்துவிட்டு நகர்ந்துவிட்டார்கள், அந்தக் காற்புள்ளிதான் இவர். தேசம் மறக்க மறக்க உடம்பு இளைத்தது. எடை போயிற்று, பிறகு கதவு திறக்காமலே அறைகளுக்குள் போக முடிந்தது, கடைசியில் நிழலும் போயிற்று. தன்னை ஞாபகம் வைத்திருக்கும் ஓரிடத்தை, அது இல்லையென்றால் தன்னை மறப்பதற்குக்கூட வாய்ப்புக் கிடைக்காத ஓரிடத்தையாவது தேடிக்கொண்டு, கப்பல் கப்பலாகவும் பஸ் பஸ்ஸாகவும் அவர் வந்துகொண்டிருந்தார். அவருடைய தமிழ் பழைய வேதாகமத்தின் தமிழாக இருந்தது. எங்கே கற்றார் என்று கூத்தனேரியில் கடைசிவரை யாரும் கேட்கவில்லை. வெள்ளைக்காரர் தமிழ் பேசினால் கற்ற இடம் கேட்பது மரியாதையில்லை, கைதட்டுவதுதான் மரியாதை.

தவமணி அன்று பி.டி.ஓ. ஆபீசிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தாள். கூத்தனேரி ஊராட்சித் தலைவர் பதவி அந்தத் தேர்தலில் பட்டியல் சாதிப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது, காலனியிலிருந்து அவள் நின்றாள், ஜெயித்தாள். பதவி ஏற்ற காலையில் ஊராட்சி ஆபீசுக்குள் நுழைந்தபோது, தலைவர் உட்காரும், சக்கரம் வைத்த சுழல்நாற்காலி இருந்த இடத்தில் நான்கு சக்கரத் தடங்கள் மட்டும் இருந்தன. "ரிப்பேருக்குப் போயிருக்கு" என்றான் கிளார்க் வரதராசு, தடங்களைப் பார்த்துக்கொண்டே. அன்று முதல் அது ரிப்பேரிலேயே இருந்தது. துணைத்தலைவர் கோதண்டபாணி பெஞ்சில் உட்கார்ந்து ஊரை ஆண்டார். தவமணி வாசல்படிக்கு அருகே நின்று கையெழுத்துப் போட்டாள். யாரும் அவளை ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. ரிப்பேர் முடியட்டும் என்றார்கள், அவ்வளவுதான்.

கொடியும் அப்படித்தான். குடியரசு தினத்தன்று அவள் புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்து சேருமுன்பே கொடி ஏறி முடிந்திருந்தது. ஆரஞ்சு மிட்டாய் மட்டும் மிச்சமிருந்தது, அதை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஆனால் இந்தச் சுதந்திர தினத்துக்கு, தலைவரே தம் கையால் கொடியேற்றவேண்டும், படமெடுத்து அனுப்பவேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்திருந்தது. அது உண்மைதானா என்று நேரில் கேட்டுவரத்தான் அவள் போயிருந்தாள். "நீங்கதாம்மா ஏத்தணும்" என்று அங்கே சொல்லியிருந்தார்கள். பஸ் குலுங்கும்போதெல்லாம் அவள் உள்ளங்கைகள் தாமாகவே மூடித் திறந்தன. சிறு வயதிலிருந்து அந்தக் கைகளுக்குக் கயிறுதான் வேலை: கிணற்றுக் கயிறு, மாட்டுக் கயிறு, கட்டடத்தில் சாந்துச்சட்டி இழுக்கும் கயிறு. மேலே ஒரு துணி விரிந்து பறப்பதற்காக ஒரு கயிற்றை இழுப்பது எப்படி இருக்கும் என்று மட்டும் அவற்றுக்குத் தெரியாது. ஒரே ஒரு தடவை அது தெரியவேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை.

இறங்கும்போது, போக்கிடம் இல்லாதவரை விட்டுவிட்டுப் போக மனமில்லாமல், "வாங்க, ஒரு டீ குடிச்சிட்டுப் போலாம்" என்றாள்.

அமெரிக்க ஜனாதிபதி ஒருவர் வந்திருக்கிறார் என்பதைக் கூத்தனேரி ஒரு டீ ஆறுவதற்குள் ஒப்புக்கொண்டது. தேர்தல் காலத்தில் ஹெலிகாப்டரிலிருந்து இறங்கியவர்களையும், தேர்தல் முடிந்தபின் அடியோடு மறைந்தவர்களையும் பார்த்திருந்த ஊருக்கு, மறைந்தவர்களில் ஒருவர் திரும்பி வந்தது பெரிய அதிசயமாகப் படவில்லை. ஊடுருவித் தெரிகிறாரே என்று ஒருவர் சொன்னதற்கு, "வெளிநாட்டுத் தண்ணி, அப்படித்தான் இருக்கும்" என்று இன்னொருவர் முடித்துவைத்தார். என்ன ஆளுங்க என்று கேட்டார்கள். அவர் விளங்காமல் "கிறிஸ்தவன்" என்றதும், அது இல்லை, அதற்கு முன்னால் என்ன என்று கேட்டார்கள். ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஞானப்பிரகாசம் மட்டும் வீட்டுக்குப் போய்த் தடித்த புத்தகம் ஒன்றைப் புரட்டிவிட்டு, கலங்கிய முகத்துடன் திரும்பி வந்தார்.

"எங்கயும் இல்லியே இவர் பேரு" என்றார்.

"புஸ்தகத்துல இருக்கறவன் எவன் சார் நம்ம ஊருக்கு வந்திருக்கான்" என்றார் கோதண்டபாணி.

அத்துடன் ஆராய்ச்சி முடிந்தது. கோதண்டபாணி வரதராசுவைப் பார்த்தார், வரதராசு எங்கோ போனான், சற்று நேரத்தில் சக்கர நாற்காலி ரிப்பேரிலிருந்து உருண்டு வந்தது. அதன் மேல் ஒட்டியிருந்த நெல் உமியை வரதராசு தன் துண்டால் தட்டிவிட்டான். ஜனாதிபதி அதில் உட்கார்ந்தார். தவமணி வாசல்படியில் நின்று பார்த்தாள். உமி ஒட்டிய நாற்காலி யார் வீட்டுக் குதிருக்குப் பக்கத்தில் ரிப்பேராகிக்கொண்டிருந்தது என்று அவள் கேட்கவில்லை. கூத்தனேரியிலேயே உமி சேர்த்துவைக்கிற வீடு ஒன்றுதான்.

பிறகு ஊர் அவருக்கு வணக்கம் வைக்கத் தொடங்கியது. ஒவ்வொரு வணக்கத்துக்கும் அவர் கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்தார். முதலில் கோட்டின் பித்தான்கள் துலங்கின, பிறகு கிருதா மயிர் துலங்கியது, பஸ் ஸ்டாப்பில் அவருக்கு வரவேற்பு பிளக்ஸ் கட்டியபோது, அதில் அவர் முகம் படத்தில் விழாததால் தொப்பிக்குக் கீழே வெறும் ஆகாயம்தான் இருந்தது என்றாலும், அவருக்கு நிழல் திரும்பி வந்துவிட்டது. அந்த நிழலை அவர் குனிந்து கையால் தடவிப் பார்த்துக் கண்கலங்கியதைப் பலரும் பார்த்தார்கள். காதுகுத்துகளுக்கு அழைத்தார்கள், வந்தார். புது போர்வெல்லுக்குத் தேங்காய் உடைக்க அழைத்தார்கள், தண்ணீர் வரவில்லை, ஆனாலும் வந்தார். அவர் எதைக் கேட்டாலும் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்றார், இரண்டு பக்கமும் மகிழ்ந்துபோயின. ஒரு வேலியைப் பற்றித் தகராறு வந்தபோது, வேலி இருந்த இடத்திலேயே இருக்கட்டும், ஆனால் அதை இருவரும் வேலி என்று அழைக்கவேண்டாம் என்று தீர்ப்புச் சொன்னார். இப்படி ஒரு மனிதரை அமெரிக்கா எப்படி மறந்தது என்று கூத்தனேரிக்கு ஆச்சரியமாக இருந்தது.

ஆகஸ்டு பிறந்ததும் தவமணி ஆபீஸ் வாசலில் நின்று சொன்னாள்: "இந்தத் தடவ கொடிய நான் ஏத்தறேங்கய்யா. பி.டி.ஓ. ஆபீஸ்ல சொல்லிட்டாங்க."

பெஞ்சில் இருந்த கோதண்டபாணி கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டதே கிடையாது. "நானா வேணாங்கறேன்? ஏத்து தாயி. ஊர்ல நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க, அதத்தான் யோசிக்கறேன். நாளைக்கு உனக்கு ஒரு சங்கடம் வந்தா எனக்குத் தாங்குமா? ஒண்ணு செய்வோம். இத்தன பெரிய மனுசர் நம்ம கூட இருக்காரு. அவர் வாயால ஒரு வார்த்த கேட்போம்."

நாற்காலியில் இருந்த ஜனாதிபதியின் முகம் விளக்குப் போட்டதுபோல் ஒளிர்ந்தது. கொடிமரத்தடியில் ஊர் கூடியது, காலனி சற்றுத் தள்ளி நின்றது. அவர் இரு தரப்பையும் தனித்தனியே கேட்டார், நெற்றியைத் தேய்த்தார், எழுந்தார், தீர்ப்புச் சொன்னார். கொடியை அம்மையார் துவைத்து உலர்த்துவார், அதை மடித்து, உள்ளே பூ வைத்து, முடிச்சும் அவரே இடுவார், படம் எடுக்கும்பொருட்டுக் கயிற்றை அவர் தொட்டு நிற்பார், படம் எடுத்தானபின் கயிறு துணைத்தலைவரின் கைக்கு மாறும், அவர் இழுப்பார், நன்றியுரை அம்மையாருடையது. இதனால் மேலிடத்தின் உத்தரவும் நிறைவேறும், ஊரின் வழக்கமும் நிலைபெறும், சமாதானம் உண்டாகும்.

கைதட்டல் எழுந்தது. தள்ளி நின்றவர்களும் தட்டினார்கள். கொஞ்சம் கழித்துத்தான் தவமணி கவனித்தாள், அவள் கைகளும் தட்டிக்கொண்டிருந்தன.

"துவைக்கறதுக்கு மட்டும் நம்ம கை சுத்தம்போல" என்றாள் பக்கத்தில் நின்ற கண்ணாத்தாள், அவளோடு சித்தாள் வேலைக்குப் போகிறவள். "போ, சோப்பு வாங்கிக் குடுப்பானுங்க."

வாங்கித்தான் கொடுத்தார்கள்.

கொடியேற்றத்துக்கு முந்தின நாள் பொழுது சாயும் நேரத்தில், தவமணி கொடிமரத்தடியில் உட்கார்ந்து கொடியை மடித்துக்கொண்டிருந்தாள். ஜனாதிபதி நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றார். உடம்பில் இப்போது எடை இருந்ததால், பேச ஆள் தேடுகிற பழக்கமும் வந்திருந்தது.

"அம்மணி, உமக்கு என் தீர்ப்பில் மனக்குறையோ?"

"அதெல்லாம் இல்லீங்க. ஒண்ணு கேக்கலாமா? ஒங்க ஊர்ல இந்த மாதிரி தீர்ப்பு நெறைய சொல்லியிருக்கீங்களா?"

அவர் வெகு காலமாக அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தவர். உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி, சந்தோஷமாகச் சொல்லத் தொடங்கினார். தம் தேசத்தில் ஓர் ஆறு இருந்தது. ஆற்றுக்குத் தெற்கே மனிதரை மனிதர் விலைக்கு வாங்கி வைத்திருந்தார்கள்; வடக்கே அது தவறு என்று சொல்லிக்கொண்டு, தெற்கே விளைந்த பருத்தியை வாங்கி உடுத்தினார்கள். தெற்கிலிருந்து ஜனங்கள் ஆற்றைத் தாண்டி வடக்கே ஓடினார்கள். இரு கரையும் அடித்துக்கொள்ளும் நிலை வந்தது. அப்போது தாம் ஒரு சமரசச் சட்டத்தில் கையொப்பமிட்டதாகச் சொன்னார்: ஆறு வடக்கத்தியாருக்கே சொந்தம், தாண்டி வந்தவர்கள் தெற்கத்தியாருக்கே சொந்தம், ஆகவே பிடித்துத் திருப்பி அனுப்பப்படுவார்கள். இரு கரையும் கைதட்டின.

"ஓடி வந்தவங்க?" என்றாள் தவமணி.

"அம்மணி?"

"அவங்களும் கைதட்டுனாங்களா?"

அவர் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கையொப்பமிட்ட பேனாவின் மை காயுமுன்பே என்று சொல்லலாம், அவ்வளவு சீக்கிரத்தில், ஒருத்தியைத் தம் ஜன்னலுக்குக் கீழே நடத்திக்கொண்டு போனார்கள் என்றார். அவள் தோணித்துறையில் இரு கரைக்கும் குறுக்கே கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டே ஆற்றைத் தாண்டியவள். உள்ளங்கைத் தோல் கயிற்றோடு போயிருந்தது. கைகளைப் பிறர்மேல் படாமல் விரித்துப் பிடித்தபடி நடந்தாள். நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தாள்.

"அவள் என்னைப் பார்த்தாள். என் முகத்தைப் படித்துக்கொள்வதுபோலப் பார்த்தாள். பிற்காலத்தில் என் தேசமெல்லாம் என்னை மறந்தபோதும் எனக்கு நிழல் இருந்தது, அம்மணி. யாரோ ஒருவர் என்னை விடாமல் ஞாபகம் வைத்திருந்ததினாலேதான் அது இருந்தது. ஒருநாள் அது போயிற்று. அன்று அவள் மரித்திருப்பாள் என்று நினைக்கிறேன்."

"அவங்க பேரு என்னங்க?"

"நான் கேட்கவில்லை."

தவமணி கொடிக்குள் பூவை வைத்து மடித்தாள். முடிச்சை இட்டு, இழுத்துப் பார்த்து, மறுபடி தளர்த்தி இட்டாள்.

"என்னை நீராவது மறவாதிருப்பீரா?" என்று கேட்டார் அவர், குழந்தை மிட்டாய் கேட்கிற குரலில்.

"மறக்க மாட்டேங்க" என்றாள் தவமணி.

மறுநாள் காலை தூறி ஓய்ந்திருந்தது, கொடிமரத்தடி மண் நெகிழ்ந்து கிடந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் நின்றன. மிட்டாய்த் தட்டு தயாராக இருந்தது. நடுவில் சக்கர நாற்காலியில் ஜனாதிபதி, இதற்கு முன் ஊர் பார்த்திராத அளவுக்குத் திடமாக, கன்னத்தில் சிவப்பு ஏறி, ஏறக்குறைய ஒரு முழு மனிதராக வீற்றிருந்தார். தவமணி கயிற்றைத் தொட்டு நின்றாள், வரதராசு செல்போனைத் தூக்கினான், அன்று பார்த்து அதில் இடமில்லை என்றது. பழைய படங்களை அழிக்கிறேன் என்று அவன் அழிக்கத் தொடங்கினான், மகளின் சடங்குப் படங்கள் என்பதால் ஒவ்வொன்றாக யோசித்து அழித்தான். நல்ல நேரம் போகிறது என்று யாரோ சொன்னார்கள். படம் அப்புறம் பார்க்கலாம், கயிற்றை வாங்கிக்கொள்கிறேன் என்று கோதண்டபாணி வாங்கிக்கொண்டார். "அதுக்குள்ள நன்றியுரையச் சொல்லிடு தாயி, ரெண்டே வார்த்த."

தவமணி மைக்கைப் பிடித்தாள்.

"எல்லாருக்கும் வணக்கம். வந்திருக்கற பிரசிடெண்டய்யாவுக்கு நன்றி சொல்லணும்" என்றாள். ஜனாதிபதி நெஞ்சில் கை வைத்தார். "அவரப் பத்தி யாருக்கும் ஒண்ணும் தெரியல. ஞானப்பிரகாசம் சார் புஸ்தகத்துலயும் இல்ல. எனக்குத் தெரியும், நேத்து அவரே சொன்னாரு. நான் சொல்றேன், ஞாபகம் வெச்சுக்குங்க."

பிறகு சொன்னாள். ஆற்றைச் சொன்னாள், இரு கரையைச் சொன்னாள், கயிற்றைச் சொன்னாள், கயிற்றோடு போன தோலைச் சொன்னாள், ஜன்னலைச் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை; சித்தாள் வேலையில் மேஸ்திரியிடம் கணக்கு ஒப்பிக்கிற அதே குரல். பள்ளிப்பிள்ளைகள் வாயைத் திறந்துகொண்டு கேட்டன, காலனி கேட்டது, ஊரும் வேறு வழியில்லாமல் கேட்டது, கேட்டதெல்லாம் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் ஞாபகத்தில் பதிந்தது, அத்தனை ஞாபகமும் அவர் மேல் இறங்கியது. ஜனாதிபதி தடித்தார். முகத்தின் சுருக்கங்கள் எல்லாம் துலங்கின, வலது கைவிரலில் பழைய மைக்கறை துலங்கியது. அவர் கனத்தார். நாற்காலியின் சக்கரங்கள் நாலு பக்கமும் விரிந்தன.

"அம்மணி" என்றார். "இப்படி அல்ல. நான் வேண்டியது இந்த ஞாபகம் அல்ல."

"வேற ஒண்ணும் நீங்க செய்யலியேங்கய்யா" என்றாள் தவமணி மைக்கிலேயே, வருத்தமாக.

நாற்காலி முறிந்தது. அவர் உட்கார்ந்த வாக்கிலேயே மண்ணில் இறங்கினார், முழங்கால் வரை, இடுப்பு வரை. "ஐயோ, நம்ம விருந்தாளி" என்று கோதண்டபாணி கயிற்றைப் போட்டுவிட்டு ஓடினார். இருபுறமும் ஆட்கள் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்கள், கோயில் தேரைக் கிளப்புகிற சத்தமெல்லாம் போட்டார்கள், அசையவில்லை. எல்லோருடைய முதுகும் கொடிமரத்தின் பக்கம் இருந்தது.

கயிறு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. தவமணி அதைப் பிடித்தாள். கிணற்றுக் கயிறு கீழே கனக்கும், மாட்டுக் கயிறு எதிரே கனக்கும். இந்தக் கயிற்றில் கனமே இல்லை என்பது அவளுக்கு வினோதமாக இருந்தது. இழுத்தாள். முடிச்சு உச்சியில் போய் அவிழ்ந்தது, தூக்கிக்கொண்டிருந்தவர்களின் முதுகுகளில் செவ்வந்திப் பூ உதிர்ந்தது. அந்த நேரத்தில்தான் வரதராசுவின் போனில் இடம் உண்டாயிற்று. அவன் பழக்க தோஷத்தில் எடுத்துவிட்டான்.

கலவரத்தில் ஏறிய கொடி முன்னுதாரணம் ஆகாது என்று கோதண்டபாணி அன்று மத்தியானமே சொன்னார், இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார். வரதராசு உடைந்த நாற்காலியைக் குனிந்து பார்த்து, அந்த ஆபீசில் முதல் தடவையாக ஓர் உண்மையைச் சொன்னான்: "ரிப்பேரு."

ஜனாதிபதியை டிராக்டர் வைத்து இழுத்துப் பார்த்தார்கள், டிராக்டர்தான் மண்ணில் புதைந்தது. அதற்குமேல் ஊர் அவரையும் ஒப்புக்கொண்டுவிட்டது. கொடிமரத்தடியில் இடுப்புக்கு மேல் அவர் இருக்கிறார். மழைக்குக் குடை சாத்துகிறார்கள், வெயிலுக்கு அவர் நிழலில் ஆடு படுக்கிறது, வேலித் தகராறுகளை யாரும் அவரிடம் கொண்டுபோவதில்லை. மறந்துவிட்டால் தன்னால் இளைத்து எழுந்து போய்விடுவார் என்று ஞானப்பிரகாசம் யோசனை சொன்னார், ஊரும் மறக்க முயன்று பார்த்தது, மறப்பதில் ஊர் கெட்டிக்கார ஊர்தான். ஆனால் பள்ளிப்பிள்ளைகள் ஆறு, கயிறு, ஜன்னல் என்று அதை ஒரு விளையாட்டாக்கி வைத்திருந்தார்கள். தவிர, தவமணி தினமும் அந்த வழியாகத்தான் ஆபீசுக்குப் போனாள், வீட்டிலிருந்து தன்னுடைய பிளாஸ்டிக் நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு.

"வணக்கம் பிரசிடெண்டய்யா. அந்தம்மா பேரு ஞாபகம் வந்துச்சுங்களா?"

"இல்லை அம்மணி. தயைசெய்து என்னை மறந்துவிடும்."

"அதெப்படிங்க, வாக்குக் குடுத்திருக்கேனே. நிதானமா யோசிச்சு வைங்க" என்று சொல்லிவிட்டு, தவமணி நாற்காலியை இறக்கி உள்ளே எடுத்துப்போய், சக்கரத் தடங்கள் நான்கும் இருந்த இடத்தில் போட்டு உட்கார்ந்தாள்.